குளிர்காற்றைப் பிழிந்தால் சூடு வருமா?

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திற்குப் போயிருக்கும் நண்பர்கள் அங்குள்ள ஐஸ் கம்பெனிகளைக் கண்டிருப்பார்கள். கடலுக்குப் புறப்படும் விசைப்படகுகளில் ஐஸ் கட்டிகளை உடைத்துக் கொட்டும் இரைச்சலையும் கேட்டிருப்பார்கள். என் தந்தையார் அப்படியொரு கம்பெனியில் இயந்திரம் பார்ப்பவர். நான் சிறுமியாக இருந்தபோது பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குச் சோறு எடுத்துச் செல்வது என் வேலை. அவர் கை கழுவி வரும்வரை இயந்திர அறையின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பேன். தொட்டியிலிருந்து கம்ப்ரசருக்கு வரும் குழாய் வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் வெள்ளை வெளேரென்று பனி பூத்திருக்கும். அதே கம்ப்ரசரிலிருந்து வெளியே போகும் குழாயோ தொட்டால் கை வெந்துபோகும்.

"ஐஸ் செய்யற இடத்துல இவ்வளவு சூடு எங்கேருந்துப்பா வருது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாம் தண்ணிக்குள்ள இருந்ததுதான் பாப்பா. அதை வெளியே இறைச்சுக் கொட்டினாத்தானே தண்ணி ஐஸாகும்" என்றார் அப்பா, சாம்பாரைப் பிசைந்தபடி.

இயற்பியல் மாணவியாக இக்கல்லூரிக்கு வந்து வெப்பஇயக்கவியல் படித்த பிறகுதான் அந்தப் பதிலின் முழுப்பொருள் எனக்கு விளங்கிற்று. அதுவும் பாடத்தினால் மட்டும் விளங்கவில்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பால், பாரீஸ் மாநகரின் வடக்கே சார்செல் என்னும் ஊருக்கு அருகில், என் அத்தை வீட்டில் நேர்ந்த ஒரு தொல்லையினால் விளங்கிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அத்தை எப்படி அங்கே போனார் என்பது நம் புதுவை வாசகர்களுக்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் புதுவையின் சட்டபூர்வ இணைப்பு நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதத் தவணை தரப்பட்டது அல்லவா? அத்தையின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அவர் அந்தப் பக்கம் எழுதிக் கொடுத்தார். குடும்பம் பின்னர் பிரான்சுக்குப் பெயர்ந்தது. அவர் இப்போது இல்லை. அவருடைய துணைவியார், எண்பது வயதைத் தாண்டிய பாட்டி, இன்றும் அத்தையோடுதான் இருக்கிறார்.

அவர்கள் வீட்டைச் சூடாக வைத்திருந்தது பல ஆண்டுகளாக எண்ணெயில் எரியும் கொதிகலன். 2022 ஜூலை முதல் அத்தகைய கொதிகலனை வீடுகளில் புதிதாகப் பொருத்துவதற்குப் பிரெஞ்சு அரசு தடை விதித்துவிட்டது. பழையது ஓய்ந்துபோகவே, 2023 கோடையில் மாமா ஒரு வெப்ப எக்கியை வாங்கிப் பொருத்தினார். நீரை இறைக்கும் எக்கியைப் பம்ப் என்கிறோம். பிரெஞ்சிலும் அதைப் 'பொம்ப்' என்றே சொல்வதால் அத்தைக்கு அந்தப் பெயர் வாயில் எளிதாக ஒட்டிக்கொண்டது. கொல்லையில், நம் ஊர் ஏ.சி.யின் வெளிப்பெட்டியைப் போலவே சற்றுப் பெரியதாக ஒரு பெட்டி. அதற்குள் ஒரு காற்றாடி. உள்ளே தண்ணீரைச் சூடாக்கி, அறைதோறும் சுவரோரம் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் கருவி ஒன்று. அவ்வளவுதான். அக்டோபர், நவம்பரில் எல்லாம் நன்றாகவே நடந்தது.

2024இல் பொங்கல் கழிந்த வாரம் அங்கே பனி கொட்டியது. வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே இறங்கியது. ஒரு பிற்பகல் அத்தை கைபேசியில் முகம் காட்டி அழாத குறையாகப் பேசினார். "அண்ணே, இந்தப் பொம்ப் கெட்டுப்போச்சு. பெட்டி பூரா ஐஸ் கட்டிக்கிட்டு நிக்குது. திடீர்னு காத்தாடி நின்னுடுது, உஸ்ஸுன்னு சத்தம் போட்டுப் புகையா விடுது. ரேடியேட்டர் தொட்டா சுடவே மாட்டேங்குது. கரண்டு பில்லு ரெண்டு மடங்கு. அத்தை அடுப்படியிலே கேஸைப் பத்தவச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க." மாமா பின்னாலிருந்து, குளிரே இல்லாதபோது சூடு தருவதும் குளிர் வந்தால் கைவிரிப்பதுமான இயந்திரத்திற்கு இவ்வளவு பணம் கொடுத்தோமே என்று நொந்துகொண்டார். மூடிய சமையலறையில் எரிவாயு அடுப்பின் அருகில் மூதாட்டி ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா பதற்றப்படவில்லை. "பெட்டியைக் காட்டும்மா" என்றார். அத்தை கைபேசியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். வெண்பனி பூத்த தகடுகளைக் கண்டதும் அப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "இது நம்ம ஐஸ் கம்பெனிதான். நாம சூட்டைக் கழிச்சு விடறோம். அவங்க அதைத்தான் வீட்டுக்குள்ள எடுத்துக்கறாங்க."

இனி விஷயத்துக்கு வருவோம். பூச்சியத்திற்குக் கீழே 5 பாகை உள்ள காற்றில் வெப்பம் இருக்க முடியுமா? நம் ஐயத்திற்குக் காரணம் செல்சியஸ் அளவையின் பூச்சியம். அது தண்ணீர் உறையும் இடம். வெப்பம் தீர்ந்துபோகும் இடம் அன்று. வெப்பத்தின் உண்மையான அடிமட்டம் பூச்சியத்திற்கு 273 பாகை கீழே இருக்கிறது. அங்கிருந்து எண்ணினால் நம் ஊர்க் கத்திரி வெயிலின் 40 பாகை என்பது 313. சார்செல்லின் அந்தக் குளிர் 268. ஏழில் ஆறு பங்கு அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது! நம் தோலுக்குத்தான் அது குளிர்.

ஆனால் இருப்பது வேறு, எடுப்பது வேறு. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடுவதைப் போல வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குத்தான் தானாகச் செல்லும். குளிர்காற்றிலிருந்து வெப்பம் வாங்க வேண்டுமானால், அதைவிடக் குளிர்ந்த ஒரு பள்ளத்தை நாம் வெட்டித் தர வேண்டும். ஐஸ் கம்பெனியில் அந்தப் பள்ளம் அம்மோனியா. சாதாரண காற்றழுத்தத்தில் அது பூச்சியத்திற்குக் கீழே 33 பாகையிலேயே கொதித்துவிடும். இன்றைய வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் உள்ள ஆர்-32 என்னும் பொருளோ கீழே 52 பாகையில் கொதிக்கும். கொதிப்பதற்கு வெப்பம் வேண்டும் அல்லவா? கொல்லையிலுள்ள குழாய்களுக்குள் அழுத்தத்தைக் குறைத்து, அந்தத் திரவத்தை, பூச்சியத்திற்குக் கீழே 12 பாகை என்று வைத்துக்கொள்வோம், அந்த நிலையில் கொதிக்கவிடுகிறார்கள். வெளிக்காற்று கீழே 5 பாகையில் இருந்தாலும் அந்தத் திரவத்திற்கு அது அடுப்புதான்! காற்றாடி இழுத்துத் தரும் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி அது ஆவியாகிறது.

அடுத்தது கம்ப்ரசரின் பணி. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் அறிவோம். ஆவியை அப்படி அமுக்கினால் அதன் வெப்பநிலை வீட்டுத் தண்ணீரைவிட மேலே ஏறிவிடுகிறது. அங்கே அது மீண்டும் திரவமாகி, கொல்லையில் வாங்கிய வெப்பத்தையும், அமுக்குவதற்குச் செலவான மின்சாரத்தையும் சேர்த்துத் தண்ணீரிடம் ஒப்படைக்கிறது. பின்னர் ஒரு குறுகிய வழியில் புகுந்து அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, மறுபடியும் கொல்லைக்குப் போகிறது.

அப்பாவின் கம்பெனியில் 50 கிலோ ஐஸ் பார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 28 பாகையிலுள்ள தண்ணீரைப் பூச்சியத்திற்குக் கொண்டுவரக் கிலோவுக்கு 28 கிலோ கலோரி. பூச்சியத்தில் அதை உறைய வைக்க உள்ளுறை வெப்பம் 80 கிலோ கலோரி. ஆக 108. ஐம்பது கிலோவுக்கு 5,400 கிலோ கலோரி. மின்சாரக் கணக்கில் இது ஆறு யூனிட்டுக்கு மேல்! ஒவ்வோர் ஐஸ் பாருக்கும் இவ்வளவு வெப்பத்தை நாம் கம்பெனியின் மேல்தளத்தில், தண்ணீர் வழியும் குழாய்களின் வழியே, தேங்காய்த்திட்டுக் காற்றில் கலக்க விடுகிறோம். மார்கழி விடியலில் அந்தக் குழாய்களிலிருந்து ஆவி கிளம்பும். நமக்கு அது குப்பை. குளிர்நாட்டில் அதற்குத்தான் விலை.

இந்தச் சிந்தனை புதியதன்று. வெப்பத்தைக் கொண்டு வேலை வாங்கும் இயந்திரத்தின் எல்லையை 1824இல் வகுத்துச் சொன்னவர் சாதி கார்னோ என்னும் பிரெஞ்சு இளைஞர். அந்தச் சக்கரத்தைத் திருப்பிச் சுழற்றிக் கட்டடங்களைச் சூடேற்றலாம் என்று 1852இல் கட்டுரை எழுதினார் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மண்டபத்தை 1938 முதல் சூடேற்றியது லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் இறைத்த ஓர் எக்கி. நிலக்கரிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாட்டிற்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அடுத்த ஆண்டே மூண்ட போர் காட்டிற்று.

சரி, மாமாவின் குறைக்கு வருவோம். குளிர் மிகும்போது இயந்திரம் தளர்வது உண்மையா? உண்மைதான். அதை மறைத்து விற்பவர்கள்தாம் தவறு செய்கிறார்கள்.

சாதாரண மின்சார ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஒரு யூனிட் வெப்பம் தரும். எக்கி, இதமான குளிரில், மூன்றோ நான்கோ தரும். ஒன்று மின்சாரத்தினுடையது, மீதி வெளிக்காற்றிடமிருந்து இறைத்தது. இந்த விகிதத்தைச் செயல்திறன் குணகம் என்று நம் பாடநூல் கூறுகிறது. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க இறைப்பவனின் முதுகு ஒடிவதைப் போல, வெளியே குளிர் ஏற ஏற இக்குணகம் குறையும். கார்னோவின் கணக்குப்படி, வெளியே கீழே 5 பாகையாக இருக்கையில் 35 பாகைத் தண்ணீர் வேண்டுமானால் கிடைக்கக்கூடிய உச்சம் 308ஐ 40ஆல் வகுத்தால் வருவது, அதாவது 7.7. தண்ணீர் 55 பாகை வேண்டுமென்றால் 328ஐ 60ஆல் வகுக்க வேண்டும், 5.5 தான். உண்மை இயந்திரம் இதில் பாதியைத் தொட்டாலே பெரிது. ஆக, ஒன்றில் மூன்றுக்கு மேல், மற்றதில் இரண்டரை. கடுங்குளிரிலும் அது ஒன்றுக்குக் கீழே போய்விடுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

குணகம் குறைவதோடு நின்றாலும் பரவாயில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஆவி அழுத்தம் குறைந்து மெலிந்துவிடுகிறது. கம்ப்ரசர் ஒவ்வொரு சுற்றிலும் விழுங்கும் ஆவியின் எடை குறைகிறது. அதனால் இறைக்கும் வெப்பமும் குறைகிறது. வீடோ அன்றைக்குத்தான் அதிக வெப்பம் கேட்கும்! தேவை ஏறும் கோடும் திறன் இறங்கும் கோடும் ஒன்றையொன்று வெட்டும் ஒரு புள்ளி உண்டு. அதற்குக் கீழே குளிர் போனால், உள்ளே ஒளிந்திருக்கும் மின்கம்பி ஹீட்டர் துணைக்கு வரும். அது ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். அத்தை வீட்டு மின்கட்டணம் இரட்டித்த இரகசியம் இங்கேதான் இருந்தது. ஆனால் அதை விழிக்க வைத்தது வானிலை மட்டுமன்று.

அதற்குமுன் அந்த ஐஸ். நம் ஊர் ஏ.சி. பெட்டிக்குள்ளிருந்து சிறு குழாய் வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த தகடுகளில் பட்டுத் தண்ணீராகிறது. குளிர்நாட்டில் குளிர்ந்த தகடுகள் கொல்லையில் இருக்கின்றன. அவை பூச்சியத்திற்குக் கீழே இருப்பதால் ஈரம் தண்ணீராக நில்லாமல் பனியாகப் படிகிறது. ஏ.சி. சொட்டும் நீரும் அத்தை வீட்டு ஐஸும் ஒரே விஷயத்தின் இரு வடிவங்கள்.

இதில் வியப்பான செய்தி ஒன்று. கடுங்குளிரில்தான் அதிகம் பனி படியும் என்று நாம் நினைப்போம். இல்லை! கடுங்குளிர்க் காற்றில் ஈரம் மிகக் குறைவு. பூச்சியத்தை ஒட்டி, மேலே இரண்டு மூன்று பாகையில், மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நாளே இயந்திரத்திற்குச் சோதனை நாள். பாரீஸ் பக்கத்துக் குளிர்காலம் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். ஈரம் பனியாக மாறும்போது தன் உள்ளுறை வெப்பத்தைத் தகடுகளுக்கு விட்டுக்கொடுக்கவும் செய்கிறது. அந்த அளவில் பனி நமக்கு வரவு. கெடுதி எங்கே என்றால், அது தகடுகளின் இடுக்குகளை அடைத்துக் காற்றைத் தடுப்பதில். காற்று வராவிட்டால் வெப்பம் எங்கே?

ஆகவே இயந்திரம் அவ்வப்போது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது. ஒரு வால்வு திரும்புகிறது; சுற்றோட்டம் தலைகீழாகிறது. சில நிமிடங்களுக்கு எக்கி வீட்டுத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக் கொல்லைக்கு அனுப்புகிறது. காற்றாடி நிற்கிறது, 'உஸ்' என்ற ஓசை கேட்கிறது, பனி உருகி வழிகிறது, ஈரத் தகடுகளிலிருந்து ஆவி மேகம் போலக் கிளம்புகிறது. அத்தை கண்ட 'புகை' இதுதான்! "நம்ம பக்கம் குளிர்கிடங்குல சூட்டு காஸை உள்ளே விட்டுக் காயிலில் இருக்கிற ஐஸை உதிர்ப்போமே, அதே வேலை. கெட்டுப்போகலை, மூச்சு வாங்குது" என்றார் அப்பா. ஒரு கிலோ பனியை உருக்க 80 கிலோ கலோரி போதும். ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சில நிமிடங்கள் ரேடியேட்டர் ஆறிப்போவதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் அத்தை காட்டிய படத்தில் அப்பாவின் கண்ணுக்கு வேறொன்றும் பட்டது. "பெட்டிமேல அது என்னம்மா நீலமா?" என்றார். தார்ப்பாய்! பனி விழாமல் இருக்கட்டும் என்று மாமா பெட்டியின் முதுகுப்புறத்தை மூடிக் கட்டியிருந்தார். அன்பினால் செய்த காரியம்தான். படகில் மீனைப் போர்த்துவதைப் போல இயந்திரத்தைப் போர்த்திவிட்டார். தான் கக்கிய குளிர்காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு அது திணறிக்கொண்டிருந்தது. தார்ப்பாயை எடுத்த பிறகு, பெட்டிக்குக் கீழே உருகி வழிந்து மீண்டும் உறைந்து மேடாகிக் கிடந்த ஐஸையும் தட்டி அப்புறப்படுத்தச் சொன்னார். அந்த ஐஸ் நடைபாதைவரை பரவியிருந்தது. பாட்டி அதில் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

இரண்டாவது குறை பழக்கத்தில் இருந்தது. எண்ணெய்க் கொதிகலன் இருந்த காலத்தில் இரவில் அணைத்துவிட்டு விடியற்காலையில் மூட்டுவார்கள்; அரை மணியில் ரேடியேட்டர்கள் சுட்டெரிக்கும். எக்கியையும் அத்தை அப்படியே நடத்தினார். சிக்கனம் என்ற எண்ணம். பொருத்த வந்தவர்களோ தண்ணீரின் அளவை 60 பாகையில் வைத்துவிட்டு, பொத்தான்களைக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இரவு முழுதும் சுவர்கள் சில்லிட்டுப் போக, ஒருநாளின் மிகக் குளிர்ந்த நேரமான விடியலில், 60 பாகைத் தண்ணீர் உடனே வேண்டும் என்று கேட்டால் எக்கி என்ன செய்யும்? மின்கம்பி ஹீட்டரைத் துணைக்கு அழைக்கும். காலைதோறும் அதுதான் நடந்தது.

இந்த இடத்தில்தான் என் படிப்பும் சிறிது பயன்பட்டது. மேலே சொன்ன கார்னோ கணக்கை ஒரு தாளில் போட்டு, அதைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். தண்ணீரை 45 பாகைக்கு இறக்குங்கள், இரவும் பகலும் நிறுத்தாமல் மெல்ல ஓடவிடுங்கள் என்று எழுதினேன். விட்டுவிட்டு எரியும் விறகடுப்பன்று அது. நாள் முழுவதும் சிறுதீயில் கொதிக்கும் பால். புதிய இயந்திரங்களின் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. மெதுவாகத் தொடர்ந்து ஓடுவதே அதற்கு இலாபம்.

"நாப்பத்தஞ்சுன்னா தொட்டா சுடவே சுடாதே!" என்று அத்தை மறுத்தார். நியாயமான மறுப்புதான். நம் உடம்பே 37 பாகை; 45 கைக்கு வெதுவெதுப்பாகத்தான் தோன்றும். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்காதீர்கள், சுவரிலுள்ள வெப்பமானியைப் பாருங்கள் என்றேன். மாமாவுக்கு நம்பிக்கையில்லை. பாட்டிதான், "தேங்காத்திட்டான் சொல்றான், ரெண்டு நாள் பாரேன்" என்றாராம். கணக்குப் போட்டவள் நான், பெயர் அப்பாவுக்கு!

மூன்றாம் நாள் வெப்பமானி 20 காட்டியது. வெளியே இன்னும் பனி கிடந்தது. எரிவாயு அடுப்பு அணைந்து, பாட்டி கூடத்துக்கு வந்து தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கினார்.

இதைக் கொண்டு வெப்ப எக்கியை ஒரு வரப்பிரசாதம் என்று நான் எழுதப்போவதில்லை. குளிர்நாட்டுக்கு இது ஒவ்வாது என்போருக்கு நார்வே நாடு பதில். அங்கே நூறு வீடுகளுக்கு அறுபதுக்கு மேற்பட்ட எக்கிகள் ஓடுகின்றன. ஆயினும் நார்வேயில் மலையருவிகள் தரும் மின்சாரம் ஏராளம். ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் எரிவாயுவைப் போல மூன்று மடங்காக உள்ள இடத்தில், குணகம் மூன்று என்றால் கைக்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஜன்னல் இடுக்கெல்லாம் காற்றுப் புகும் வீட்டிலோ எந்த இயந்திரமும் ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். வாங்குமுன் இயந்திரத்தின் விளம்பரத்தை மட்டுமன்றி வீட்டின் சுவரையும் மின்கட்டணச் சீட்டையும் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் போடும் குணகம் பெரும்பாலும் வெளியே 7 பாகை இருக்கும்போது அளந்தது என்பதையும் கவனத்தில் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனியின் வேலை குறைந்துவிடும். அந்நாட்களில் அப்பா இயந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்ப்பார். அப்போது மாமா கைபேசியில் அழைத்தார். மாடியறையின் ரேடியேட்டர் மட்டும் சிறியதாம். 45 பாகைத் தண்ணீரில் அந்த அறை 17க்கு மேல் ஏறவில்லையாம். ஒரு அறைக்காக வீடு முழுவதற்கும் தண்ணீரைச் சூடாக்குவதா, பெரிய ரேடியேட்டர் வாங்குவதா என்று கேட்டார். "பெரிசா வாங்கிப் போடுங்க மாப்பிள்ளை. கண்டென்சர் சின்னதா இருந்தா இங்கேயும் கம்ப்ரசருக்குத்தான் சுமை" என்று எண்ணெய்க் கையோடு பதில் சொன்னார் அப்பா. அடுத்த குளிருக்குள் மாற்றிவிடுவதாக மாமா சொல்லியிருக்கிறார்.